நேரடி ரயில் வரப்போகிறதாம்: பெட்டி கட்டுவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

கீழ்மாடிப் பிள்ளை போன மாதம் போனை நீட்டிக்கொண்டு படியேறி வந்தாள்.

"அங்கிள், லண்டனில இருந்து ஜெனீவாவுக்கு நேரடியா அதிவேகக் கோச்சி விடப்போறாங்களாம். அடுத்த வருஷம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு லண்டனில சித்தி வீட்டில ஒரு கிழமை நிண்டிட்டு, ஜெனீவாவில அண்ணாவிட்டப் போக இருந்தனான். கொஞ்சம் பொறுத்து அந்தக் கோச்சியிலயே போவமோ?"

"பொறுக்க வேண்டாம் பிள்ளை. இப்ப ஓடுற ரயிலிலயே போட்டு வாங்கோ" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. தாய்க்கு முழங்கால் வருத்தம். பாரிஸில் இறங்கி ஏறாமல் போக முடிந்தால் நல்லது என்று நினைத்திருக்கிறாள். அது நியாயம்தான்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு விட்டு ஒரு வீடு இதே கதைதான். ஒரு பிள்ளை ஹரோவில், தங்கச்சி பாரிஸில், மருமகன் சூரிச்சில். பாஸ்போர்ட் எடுத்துக் கிளம்பும் தாய் தகப்பனுக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல். அவர்களுக்காகவும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் பிள்ளைகளுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். புதிய ரயில் பற்றிய செய்தியை எப்படி வாசிப்பது, அது வரும்வரை இப்போதிருக்கும் ரயில்களில் எப்படிச் சிக்கலில்லாமல் போவது, இரண்டையும் சொல்கிறேன்.

நான் 33 வருடம் நிலைய அதிபராக வேலை செய்தவன். அதில் பெரும்பகுதி மலையகப் பாதையில். அங்கே ஒற்றைத் தண்டவாளம். ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு வண்டியை விட வேண்டுமானால் சாரதியின் கையில் டெப்லட் கொடுக்க வேண்டும். உள்ளங்கையளவு வட்டத் தகடு அது. தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் கோர்த்து நீட்டுவோம். மழை இருட்டில் மேடை ஓரத்தில் நின்று வளையத்தைத் தூக்கிப் பிடித்தால், எஞ்சினிலிருந்து ஒரு கை வந்து பறித்துக்கொண்டு போகும். அடுத்த நிலையத்து அதிபர் சம்மதித்துத் தன் பக்கத்து இயந்திரத்தை அழுத்திப் பிடித்தால்தான் என் பக்கத்து இயந்திரம் தகட்டை வெளியே விடும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது திரும்பி உள்ளே போகும்வரை இரண்டு இயந்திரமும் பூட்டுத்தான். எஞ்சின் புதிதா பழையதா, வண்டியில் மந்திரி இருக்கிறாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

நாடு விட்டு நாடு ஓடும் அதிவேக ரயிலுக்கும் இப்படிச் சில டெப்லட்கள் வேண்டும். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளின் கையில் இருக்கிறது. செய்தி வந்ததும் எத்தனை மணித்தியாலப் பயணம் என்று பார்க்காமல், எத்தனை டெப்லட் கைக்கு வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

முதலில் வண்டி

வண்டி ஓடர் கொடுத்தாயிற்றா என்று பாருங்கள். கொடுத்திருந்தால், அது கடந்து போகும் ஒவ்வொரு நாடும் அந்த வண்டியை ஏற்றுக்கொண்டதா என்று பாருங்கள். இரண்டாவது கேள்விதான் கடினமானது.

ஐரோப்பா முழுவதும் ஒரே தண்டவாளம் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அகலம் ஒன்றுதான், 1,435 மில்லிமீற்றர். (நம்முடையது 1,676. அந்த விஷயத்தில் நாம்தான் பெரியவர்கள்.) ஆனால் தலைக்கு மேலே போகும் மின்கம்பி நாட்டுக்கு நாடு வேறு. பிரான்ஸின் அதிவேகப் பாதையில் 25,000 வோல்ற். பெல்ஜியத்தின் பழைய பாதைகளில் 3,000 வோல்ற் நேரோட்டம். ஜேர்மனியிலும் சுவிஸிலும் 15,000 வோல்ற், அதிலும் அதிர்வெண் வேறு. சிக்னல் முறையும் அப்படியே. எல்லை தாண்டும் வண்டி இந்த மின்சாரம் எல்லாவற்றையும் குடிக்க வேண்டும், இந்தச் சிக்னல் பாஷை எல்லாவற்றையும் பேச வேண்டும். பிரான்ஸில் ரயில் இடப்பக்கம் ஓடுகிறது, ஜேர்மனியில் வலப்பக்கம். 1871 முதல் 1918 வரை ஜேர்மனியின் கையில் இருந்த அல்சாஸ் பகுதி இன்று பிரான்ஸுக்குள் இருந்தாலும், அங்கே இன்றும் வலப்பக்கம்தான். எப்போதோ போட்ட தண்டவாளம் அவ்வளவு சுலபமாக மனம் மாறாது.

இதில் சறுக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு ஃபீரா என்ற ரயில் இருக்கிறது. அம்ஸ்ரர்டாமுக்கும் பிரசல்ஸுக்கும் இடையே ஓடுவதற்காக இத்தாலியில் செய்வித்த வண்டி. வருடக்கணக்கில் தாமதித்து 2012 டிசம்பர் 9ஆம் திகதி ஓடத் தொடங்கியது. பனி பெய்தது, வண்டியின் அடிப்பாகம் சேதமாகிப் பாகங்கள் கழன்றன. 2013 ஜனவரி 17ஆம் திகதி நிறுத்திவிட்டார்கள். ஆறு கிழமைகூட ஓடவில்லை. அந்த வண்டிகளை அந்தப் பாதையில் பிறகு யாரும் காணவில்லை.

இன்னொன்று. 2010 ஒக்டோபரில் ஐசிஈ என்ற ஜேர்மன் அதிவேக ரயிலொன்றை லண்டன் சென் பங்கிராஸ் நிலையத்துக்கே கொண்டுவந்து நிறுத்திக் காட்டினார்கள். 2013இல் லண்டனிலிருந்து பிராங்பேர்ட்டுக்கு நேரடியாக ஓடும் என்றார்கள். நானும் பத்திரிகையில் அந்தப் படத்தை வெட்டி வைத்தேன். படம் மஞ்சளாகிவிட்டது, ரயில் வரவில்லை.

இப்போதைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். லண்டனிலிருந்து ஜெனீவாவுக்கும் பிராங்பேர்ட்டுக்கும் நேரடி ரயில் விடுவோம் என்று, லண்டனிலிருந்து கடலடிச் சுரங்கம் வழியாகப் பாரிஸுக்கு ரயில் விடும் யூரோஸ்டார் கம்பனி 2025 ஜூனில் அறிவித்தது. அவர்களே சொன்ன காலம் 2030களின் தொடக்கம். அதற்கான இரட்டைத்தட்டு வண்டிகளுக்கு அதே வருடம் ஒக்டோபரில் ஓடர் கொடுத்தார்கள். ஆக ஒரு டெப்லட் பாதிக் கையில்.

பிறகு கொட்டகை

இதை யாரும் செய்தியின் தலைப்பில் போட மாட்டார்கள், எனக்கோ இதுதான் முதலில் கண்ணில் படும். வண்டி இரவில் எங்கே தூங்கும்? யார் கழுவுவார்கள், சில்லு பார்ப்பார்கள்? லண்டன் பக்கத்தில் இந்த 400 மீற்றர் நீள ஐரோப்பிய வண்டிகளைப் பராமரிக்கக்கூடிய கொட்டகை ரெம்பிள் மில்ஸ் ஒன்றுதான். அதை யூரோஸ்டார் மட்டுமே பாவித்து வந்தது. அங்கே மிச்சமிருக்கும் இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று பல கம்பனிகள் போட்டியிட்டு, 2025 ஒக்டோபர் கடைசியில் பிரித்தானிய ரயில் ஒழுங்காற்று அலுவலகம் வேர்ஜின் கம்பனிக்கு என்று தீர்த்தது. ஆகவே புதிய கம்பனி ஒன்று சுரங்கத்துக்குள் ரயில் விடப்போகிறது என்று வாசித்தால், கொட்டகை எங்கே என்று தேடுங்கள். அந்தச் சொல்லே செய்தியில் இல்லையானால் பத்திரிகையை மடித்து வையுங்கள்.

சுரங்கக் கட்டணம், பாதைக் கட்டணம் எல்லாம் உண்டு. சுரங்கத்துக்குள் போகும் ரயிலுக்கும் பணம், அதில் இருக்கும் ஒவ்வொரு பயணிக்கும் பணம். அது கம்பனிகளின் தலைவலி, நமக்கு ரிக்கற் விலையில் தெரியும்.

எல்லாவற்றையும் விடப் பெரியது எல்லை

என் அப்பா 1950களில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் போட் மெயில் ஏறி மதராசுக்குப் போனவர். கோட்டையில் வாங்கிய ஒரே ரிக்கற் எழும்பூர்வரை செல்லும். தலைமன்னாரில் இறங்கி, கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, அங்கே வேறு ரயில். நம்முடையது அகலப்பாதை, அவர்களுடையது மீற்றர் பாதை. நடுவில் கடலே இருந்ததால் அந்த வித்தியாசம் யாருக்கும் பாரமாகத் தெரியவில்லை. பாரமாக இருந்தது வேறு. அப்பா சுங்கத்தில் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுப் போய்விட்டார். அதே வழியாக இங்கே வந்த தோட்டத் தொழிலாளர்களை அக்கரையில் மண்டபம் முகாமில் நாள்கணக்கில் மறித்து வைத்துத்தான் அனுப்பினார்கள். அதே ரயில், அதே கப்பல், ஆனால் ஆளுக்கு ஆள் எல்லை வேறு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடிப் பாதையை அடித்துக்கொண்டு போனது. மிஞ்சியிருந்த கப்பலும் 1984இல் நின்றது.

இன்றும் அப்படித்தான். ஐரோப்பியக் கடவுச்சீட்டுக்காரருக்கு இரண்டு மணி பதினாறு நிமிடத்தில் முடியும் லண்டன் பாரிஸ் பயணம், நம் கடவுச்சீட்டுக்கு கொழும்பில் விசா விண்ணப்பம் கொடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

ரயில் கம்பனிக்கு எல்லை எவ்வளவு பெரிய சிக்கல் என்பதற்கு அம்ஸ்ரர்டாம் நல்ல உதாரணம். லண்டனிலிருந்து அம்ஸ்ரர்டாமுக்கு நேரடி ரயில் 2018 ஏப்ரல் 4ஆம் திகதி தொடங்கியது. திரும்பி வர நேரடி ரயில் இல்லை! லண்டன் வரும் பயணிகளை பிரித்தானிய அதிகாரிகள் ஏறும் இடத்திலேயே சோதிக்க வேண்டும், அதற்கான ஒப்பந்தம் நெதர்லாந்தோடு அப்போது இன்னும் ஆகவில்லை. ஆகவே பயணிகள் பிரசல்ஸில் பெட்டிகளோடு இறங்கி, சோதனை முடித்து, வேறு ரயில் ஏறினார்கள். 2020 ஒக்டோபர் 26ஆம் திகதிதான் திரும்பும் நேரடி ரயில் வந்தது. தண்டவாளம் இருந்தது, வண்டி இருந்தது, சாரதி இருந்தார். ஒரு அறையும் சில மேசைகளும் அதற்கான கையெழுத்தும் இல்லாமல் இரண்டரை வருடம் போனது. ஜெனீவாவிலும் அதே அறை, அதே மேசை, அதே கையெழுத்து வேண்டும்.

இருக்கும் நிலையத்திலும் இடம் போதவில்லை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு கடவுச்சீட்டுச் சோதனை நீண்டுவிட்டது. சென் பங்கிராஸ் மண்டபத்துக்குள் ஆட்களை அடக்க முடியாமல், சில ரயில்களில் இருக்கைகளை விற்காமலே விட்ட காலம் ஒன்றும் இருந்தது. ஆஷ்போர்ட், எப்ஸ்ஃப்ளீட் என்ற இரண்டு நிலையங்களில் 2020 மார்ச்சுக்குப் பிறகு யூரோஸ்டார் நிற்பதில்லை. கென்ட் பக்கம் சொந்தக்காரர் இருப்பவர்கள் பழைய ஞாபகத்தில் அங்கே போய் நிற்காதீர்கள்.

ஹொங்கொங் வெஸ்ட் கவ்லூன் நிலையத்தில் இரண்டு பக்கச் சோதனையும் ஒரே கட்டடத்துக்குள் முடிகிறது. சீனா–லாவோஸ் பாதையிலோ எல்லையின் இரு பக்கமும், மோஹானிலும் போத்தெனிலும், இறங்கி ஏற வேண்டும். முழங்கால் வருத்தக்காரருக்கு இந்த வித்தியாசம் ரயிலின் வேகத்தைவிடப் பெரியது. எந்த நாட்டில் எந்த ரயிலானாலும் சோதனை எங்கே, எத்தனை தடவை இறங்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள்.

சில வேளை தண்டவாளமே போடாமல் கதை முடிந்துவிடும். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 350 கிலோமீற்றரை 90 நிமிடத்தில் கடக்கும் ரயிலுக்கு 2016இல் இரண்டு அரசும் ஒப்பந்தம் போட்டன. 2020 டிசம்பர் கடைசியோடு அது கைவிடப்பட்டது. மலேசியா சிங்கப்பூருக்கு நட்டஈடாக 10 கோடி 28 இலட்சம் சிங்கப்பூர் டொலர் கட்டியது.

சரி, இப்போது எப்படிப் போவது

விசாவிலிருந்து தொடங்குங்கள். பிரித்தானிய விசா வேறு, ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேறு. பிரான்ஸுக்கும் சுவிஸுக்கும் ஷெங்கன் ஒன்றே போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில் இரண்டு நாள், ஜெனீவாவில் பத்து நாள் என்றால் சுவிஸிடம். பாரிஸில்தானே முதலில் இறங்குகிறோம் என்று பிரான்ஸிடம் கொடுப்பவர்கள் பலர். நாட்கள் சமமாக இருந்தால் மட்டும்தான் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், பயணத்துக்கு 15 நாளுக்குக் குறைவாக மிச்சமிருந்தால் நேரம் போய்விட்டது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும்.

போகும் ஒழுங்கு மிக முக்கியம். கொழும்பு, லண்டன், பாரிஸ், ஜெனீவா, கொழும்பு என்று போனால் ஷெங்கனுக்குள் ஒரே தடவைதான் நுழைகிறீர்கள். பாரிஸ், லண்டன், பிறகு ஜெனீவா என்று மாற்றினால் இரண்டு தடவை. ஒற்றை நுழைவு விசாவோடு பாரிஸிலிருந்து லண்டன் ரயிலேறினால் அந்த விசா அங்கேயே முடிந்தது. எங்கள் ஒழுங்கைக் குடும்பமொன்று இப்படி லண்டனில் மாட்டி, சூரிச்சில் நடந்த பேரனின் முதலாம் பிறந்தநாளை வீடியோவில்தான் பார்த்தது. அந்த அம்மா அழுததை மறக்க முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அப்புறம் ரிக்கற். இங்கே நானும் அடிபட்டவன். 2025 மே மாதம் மனைவியும் நானும் ஐரோப்பாவில் ஓரிடத்தில் ரயில் மாற வேண்டியிருந்தது. இரண்டு ரயிலும் இரண்டு கம்பனி. மலிவு பார்த்துத் தனித்தனியாக வாங்கினேன். இடையில் 35 நிமிடம் இருந்தது. முதல் ரயில் 50 நிமிடம் பிந்தியது. மேடைக்குப் போனபோது இரண்டாவது ரயில் இருந்த இடத்தில் வெறும் தண்டவாளம். கரும்பீடத்தில் இருந்தவர் ரிக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிந்தியது எங்கள் ரயில் இல்லையே என்றார். மனைவி பெட்டியின் மேல் உட்கார்ந்து மகளுக்குக் கொண்டுபோன முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள். புதிய ரிக்கற் இரண்டுக்கு 214 யூரோ. வாழ்நாள் முழுதும் மற்றவர்களின் இணைப்பு ரயிலை மறித்து வைத்துக் காத்திருக்கச் செய்தவன் நான். அன்றைக்கு எனக்காக யாரும் மறிக்கவில்லை.

ஆகவே முடிந்தவரை முழுப் பயணத்தையும் ஒரே இடத்தில், ஒரே தடவையில், ஒரே ரிக்கற்றாக வாங்குங்கள். அப்படி வாங்கினால் ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, போய்ச் சேர 60 நிமிடம் அல்லது அதற்கு மேல் பிந்தும்போது அடுத்த ரயிலில் அனுப்புவது அவர்கள் கடமை. பிந்திப் போய்ச் சேர்ந்தால் ஒரு மணித்தியாலத்துக்குக் கட்டணத்தில் 25 வீதம், இரண்டு மணித்தியாலத்துக்கு 50 வீதம் திருப்பிக் கேட்கலாம். தனித்தனியாகத்தான் வாங்க முடிகிறது என்றால் இடையில் குறைந்தது இரண்டு மணித்தியாலம் விடுங்கள். ரயில் பிந்தினால் அங்கேயே நடத்துநரிடம் ரிக்கற்றில் எழுதி வாங்குங்கள். சில கம்பனிகள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அந்தக் குறிப்பைப் பார்த்து அடுத்த வண்டியில் ஏற விடும்.

விசா கைக்கு வருமுன் மாற்ற முடியாத மலிவு ரிக்கற் வாங்காதீர்கள். விசா வந்த அன்றே வாங்குங்கள், நாள் போகப் போக விலை ஏறும்.

சென் பங்கிராஸில் யூரோஸ்டார் வாசல் சாதாரண வகுப்புக்கு 30 நிமிடம் முன்பே மூடிவிடும். கோட்டையில் கொடி காட்டிய பிறகும் ஓடி ஏறிய பழக்கம் அங்கே சரிவராது. வயதானவர்களோடு போனால் ஒன்றரை மணித்தியாலம் முன்னரே போங்கள். பொதிச் சோதனை, பிரித்தானியப் பக்கம், சில அடி தள்ளி பிரெஞ்சுப் பொலிஸ், எல்லாம் அங்கேயே முடியும். பாரிஸில் இறங்கியதும் நேராக வெளியே வரலாம். 2025 ஒக்டோபரில் தொடங்கிய புதிய நுழைவுப் பதிவு முறையில் முகத்தைப் படமெடுப்பார்கள், நீங்கள் தங்கக்கூடிய 90 நாளைக் கணினியே எண்ணும். அழைப்புக் கடிதம், தங்குமிட முகவரி, திரும்பும் ரிக்கற் மூன்றையும் கடதாசியில் கையில் வைத்திருங்கள். போன் சார்ஜ் இறங்குவது அந்த வரிசையில்தான் நடக்கும்.

பெட்டிக்கு நிறை கட்டுப்பாடு இல்லை, நீளம் 85 சென்ரிமீற்றருக்குள் ஆளுக்கு இரண்டு. ஆனால் ரயிலில் நீங்கள்தான் தூக்கி ஏற்ற வேண்டும். கறிவேப்பிலை, நெய், இறைச்சி எதுவும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக முடியாது. பாரிஸில் நம் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷபெல்லில் எல்லாம் கிடைக்கும்.

கீழ்மாடிப் பிள்ளைக்குப் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தது இதுதான். லண்டனிலிருந்து காலை ரயிலில் பாரிஸ் கார் து நோர் நிலையம். அன்றைக்கே மேலே போக வேண்டாம். பக்கத்திலேயே லா ஷபெல், அங்கே சொந்தக்காரர் வீட்டில் அம்மாவைப் படுக்க விடவும். மறுநாள் காலை மாணிக்கப் பிள்ளையார் கோயில். மத்தியானத்துக்குப் பிறகு ஜெனீவா ரயில் புறப்படும் கார் து லியோன் நிலையத்துக்கு ஆர்ஈஆர் டி என்ற நகர ரயிலில் இரண்டே தரிப்பிடம், ஆனால் பெட்டியும் முழங்காலும் இருப்பதால் டாக்சி. அங்கிருந்து ஜெனீவா மூன்று மணித்தியாலம் சொச்சம். அதற்குள் சுங்கக்காரர் ஏறினாலும் ஏறுவார், கடவுச்சீட்டைக் கைப்பையிலேயே வைக்கவும்.

அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒரு இரவு கூட ஆகுதே அங்கிள்" என்றாள். பின்னால் மெதுவாகப் படியேறி வந்த தாய், மூச்சு வாங்கிக்கொண்டே, "பிள்ளையார் கோயிலோ? அப்ப ரெண்டு இரவாப் போடுங்கோ அண்ணை" என்றார். தாளில் ஒன்றை வெட்டி இரண்டு என்று எழுதினேன்.